நான்கில் மூன்றைச் செய்யும் சிக்னல்

மறைகுறியியல் என்றதும், செய்தியைப் பிறருக்குப் புரியாதபடி மறைத்து அனுப்பும் கலை என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் முழுமையும் இல்லை. பாடநூல்கள் இத்துறைக்கு நான்கு நோக்கங்களைக் கூறுகின்றன: உரியவரைத் தவிர வேறெவரும் படிக்க இயலாதிருத்தல், செய்தி வழியில் திருத்தப்படாமல் வந்து சேர்ந்ததை உறுதிசெய்தல், அனுப்பியவர் இன்னார்தான் என்று நிலைநாட்டுதல், அனுப்பியவர் பின்னாளில் ‘நான் அனுப்பவில்லை’ என்று மறுக்க முடியாதபடி செய்தல். செய்திகளைப் பரிமாறும் செயலி ஒன்றை மதிப்பிட இவற்றைவிட நல்ல அளவுகோல் கிடையாது என்பதால், இலவசமாகக் கிடைக்கும் சிக்னல் செயலியை இவற்றைக் கொண்டே எடைபோடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் மூன்றையும் இந்த அளவு கவனத்தோடு, இந்த அளவு எளிமையாகச் செய்யும் வேறொரு செயலியை என்னால் பரிந்துரைக்க இயலாது. நான்காவதை அது செய்வதில்லை. அதுவும் தெரிந்தே எடுத்த முடிவு.

இரகசியம் காப்பதில் நெடுங்காலமாக இருந்துவந்த சிக்கல், பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி என்றால் அந்தச் சாவியை முன்பின் சந்தித்திராத ஒருவரிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதுதான். எவரும் ஒட்டுக்கேட்கக்கூடிய தடத்தில் பேசிக்கொண்டே இருவர் தமக்குள் பொதுவான இரகசியச் சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதை விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். சிக்னல் அந்தக் கருத்தின் மீதே கட்டப்பட்டிருக்கிறது. கணக்கைத் தொடங்கும்போதே கைபேசி சில சாவி இணைகளை உருவாக்கி, ஒவ்வோர் இணையிலும் வெளியே தெரியலாம் என்ற பாதியை மட்டும் சர்வரில் வைக்கிறது. அதனால் நீங்கள் இணையத் தொடர்பில் இல்லாதபோதும் ஒருவர் உங்களுக்கு முதல் செய்தியைப் பூட்டி அனுப்பிவிட முடிகிறது. திறப்பதற்கான பாதி சர்வருக்குப் போவதில்லை. எனவே சிக்னல் நிறுவனமே விரும்பினாலும் செய்தியைப் படிக்க இயலாது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் இந்தச் செயலியின் தனிச்சிறப்பு. டிரெவர் பெரினும் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் 2013இல் வடிவமைத்த டபுள் ராட்செட் என்னும் முறையில், ஒவ்வொரு செய்திக்கும் தனிச் சாவி பிறக்கிறது. வேலை முடிந்ததும் அது அழிக்கப்படுகிறது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்தைக் கணக்கிட்டு முன்னேறலாமே தவிரப் பின்னோக்கிப் போக வழியில்லை. ஆகவே இன்று ஒருவர் உங்கள் கைபேசியிலிருந்து சாவிகளைத் திருடிவிட்டாலும், வழியில் பிடித்துச் சேமித்து வைத்திருக்கும் பழைய பூட்டிய செய்திகளை அவற்றைக் கொண்டு திறக்க முடியாது. மேலும், இரு பக்கமும் பேச்சு தொடரத் தொடரப் புதிய டிஃபி-ஹெல்மன் பரிமாற்றங்கள் கலந்துகொண்டே இருப்பதால், திருடியவர் கையிலிருக்கும் சாவி விரைவிலேயே பயனற்றுப் போகிறது. (கைபேசியில் அழிக்கப்படாமல் கிடக்கும் பழைய உரையாடலை இது காக்காது. ஒரு விநாடி முதல் நான்கு வாரம் வரை கெடு வைத்துத் தானாக அழியும்படி செய்திகளை அனுப்பும் வசதி அதற்காகத்தான் இருக்கிறது.)

திருத்தப்படாமை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு செய்தியோடும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் இரகசியச் சாவியிலிருந்தும் கணக்கிட்ட முத்திரை ஒன்று செல்கிறது. வழியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது, செயலி அச்செய்தியை ஏற்காது. இது பயனருக்குத் தெரியாமலே நடந்து முடிகிறது, அப்படித்தான் நடக்கவும் வேண்டும்.

மூன்றாவது நோக்கத்தில்தான் பொறுப்பின் ஒரு பகுதி பயனரின் தலையில் விழுகிறது. சர்வரில் இருக்கும் வெளிப்படையான சாவி உண்மையில் உங்கள் நண்பருடையதுதான் என்பதற்கு என்ன உறுதி? நடுவில் இருப்பவர் தம்முடைய சாவியை அங்கே மாற்றி வைத்துவிட்டால், கணிதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் நீங்கள் பூட்டி அனுப்புவது அவருக்குத்தான். இதைக் கண்டறிய ஒவ்வொரு உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்றை சிக்னல் தருகிறது. இருவரும் நேரில் சந்தித்து, ஒருவர் திரையிலுள்ள கியூஆர் குறியீட்டை மற்றவர் கைபேசியால் வருடினால் எண் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். ஏற்பாடு சரியானது, அதை வைத்திருக்கும் இடம்தான் சரியில்லை. உரையாடல் அமைப்புகளுக்குள் சென்று தேடினால்தான் அது கண்ணில் படும். நண்பர் கைபேசியை மாற்றும்போது ‘பாதுகாப்பு எண் மாறியுள்ளது’ என்று வரும் ஒற்றை வரியைப் பெரும்பாலோர் படிக்காமல் கடந்துவிடுவதையே காண்கிறேன். மூன்று நோக்கங்களில் மிகவும் கவனம் வேண்டியதற்கு மிகக் குறைந்த இடம் கொடுத்திருப்பது இச்செயலியின் வடிவமைப்பில் நான் காணும் முதன்மையான குறை.

நான்காவது நோக்கத்துக்கு வருவோம். டிஜிட்டல் கையொப்பத்தை உருவாக்கும் சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்கும். அதனால் கையொப்பம் சரியாக இருந்தால் எழுதியவர் அவர்தான் என்று மூன்றாம் மனிதரிடமும் மெய்ப்பிக்கலாம். சிக்னலின் முத்திரை அத்தகையதன்று. அதை உருவாக்கும் சாவி அனுப்புநர், பெறுநர் ஆகிய இருவரிடமும் இருப்பதால், ‘இதை நான் எழுதவில்லை, எனவே அவர்தான் எழுதியிருக்க வேண்டும்’ என்று பெறுபவர் உறுதிகொள்ள முடிகிறது; ஆனால் அதே முத்திரையை அவரே போட்டிருக்கவும் முடியும் என்பதால், வேறொருவரிடம் காட்டி எதையும் மெய்ப்பிக்க இயலாது. இருவர் தனியறையில் பேசியது அவர்களோடு நிற்பதைப்போல எழுத்தில் பேசியதும் நிற்க வேண்டும் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம். 2004இல் நிகிதா போரிசோவ், இயன் கோல்ட்பர்க், எரிக் புரூவர் ஆகியோர் முன்வைத்த ஓடிஆர் (ஆஃப் த ரெக்கார்ட்) என்னும் உரையாடல் நெறிமுறையிலிருந்து வந்த மரபு இது. தனிப்பட்ட உரையாடலுக்கு இதுவே சரியான தேர்வு என்பது என் கருத்து. ஆனால் ஒப்பந்தத்துக்கான ஒப்புதலையோ பணம் கொடுக்கும் உத்தரவையோ சிக்னலில் வாங்கிக்கொண்டு, முத்திரை இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் கருவியைத் தவறாகத் தேர்ந்திருக்கிறார்கள்; அவர்களுக்குத் தேவை டிஜிட்டல் கையொப்பமிட்ட ஆவணம்.

சாவியைத் தவிர மற்ற அனைத்தும் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் ஒரு மறைகுறி முறை பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று மறைகுறியியல் அறிஞர் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883இல் எழுதினார். சிக்னல் தன் நெறிமுறையையும் செயலியின் மூலநிரலையும் வெளியிட்டிருப்பது அந்த விதிப்படிதான். 2016இல் வாட்ஸ்அப் தன் பயனர் அனைவருக்கும் இதே நெறிமுறையைக் கொண்டுவந்தது. அப்படியானால் வேறுபாடு எங்கே என்ற கேள்வி நியாயமானதே. அது செய்திக்கு வெளியே, யார் யாரோடு எப்போது பேசினார் என்ற தகவலில் இருக்கிறது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற வழியாகப் பயனர் விவரங்கள் கேட்கப்பட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக சர்வரோடு இணைந்த நாளும் மட்டுமே சிக்னலால் கொடுக்க முடிந்தது. வேறெதையும் அது சேமித்து வைத்திருக்கவில்லை. 2018இல் அனுப்புநரின் பெயரையே உறைக்குள் வைத்துப் பூட்டும் முறையையும் கொண்டுவந்தது. அதே ஆண்டில் வாட்ஸ்அப்பை நிறுவியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் கொடுத்த 5 கோடி டாலரோடு தொடங்கிய சிக்னல் அறக்கட்டளை இலாப நோக்கற்றது என்பதால், விளம்பரத்துக்காகத் தகவல் திரட்டும் கட்டாயமும் அதற்கு இல்லை.

இருந்தும் தொலைபேசி எண் இல்லாமல் இன்றும் கணக்கு தொடங்க முடியாது. 2024 முதல் பயனர்பெயர் வந்து, எண்ணைப் பிறருக்குக் காட்டாமல் பழக முடிகிறது என்றாலும் பதிவுக்கு எண் வேண்டும். 2022இல் குறுஞ்செய்தி வழியே எண்ணைச் சரிபார்த்துத் தரும் டிவிலியோ நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்களால் ஏறத்தாழ 1,900 சிக்னல் பயனர்களின் எண்கள் பாதிக்கப்பட்டன. செய்திகள் எதுவும் வெளியே போகவில்லை. ஆனால் பூட்டு உடையாதபோதும் வாசல் வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது என்பது தெரிந்தது. உங்கள் எண்ணை வேறு கைபேசியில் பதிவுசெய்ய முயன்றால் இரகசியப் பின் எண்ணைக் கேட்கும் ‘பதிவுப் பூட்டு’ என்ற அமைப்பை, செயலியை நிறுவியவுடன் இயக்கிவிடுவது நல்லது.

கணிதம் எட்டாத இடங்களும் உண்டு. 2025 மார்ச்சில் அமெரிக்க உயர் அதிகாரிகள் இராணுவத் தாக்குதல் பற்றிப் பேசிய சிக்னல் குழுவில் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். மறைகுறியாக்கம் அங்கே குறையின்றி வேலை செய்தது. குழுவிலிருந்த ஒவ்வொருவருக்கும் செய்தியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவருக்கும் சேர்த்தே. அதற்கு முந்தைய மாதம், போலி கியூஆர் குறியீட்டை வருடச் செய்து, தாக்குபவரின் கருவியையே இணைக்கப்பட்ட சாதனமாகச் சேர்த்துவிடும் மோசடியைக் கூகுளின் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை அவ்வப்போது பார்த்துக்கொள்வது இதற்கு நல்ல மருந்து.

எதிர்காலத்தைப் பற்றிய அக்கறையில் சிக்னல் முன்னணியில் நிற்கிறது. இன்றைய பூட்டிய செய்திகளைச் சேமித்து வைத்து, வலிமையான குவாண்டம் கணினி வந்த பின் திறப்பது என்ற திட்டத்தை எதிர்கொள்ள, 2023 செப்டம்பரில் முதல் சாவிப் பரிமாற்றத்தில் பழைய முறையோடு, குவாண்டம் கணினியையும் தாங்கும்படி வடிவமைத்த கைபர் என்ற புதிய முறையையும் சேர்த்தது. இரண்டும் உடைந்தால்தான் இரகசியம் உடையும். 2025 அக்டோபரில் அந்தப் பாதுகாப்பை உரையாடல் முழுவதற்கும் நீட்டிக்கும் மாற்றத்தை அறிவித்தது. இதற்காகப் பயனர் எந்தப் பொத்தானையும் தொட வேண்டியதில்லை.

அன்றாடப் பயன்பாட்டில் நெடுநாள் குறையாக இருந்தது காப்புப் பிரதி. கைபேசி தொலைந்தால் உரையாடல்களும் போயின என்ற நிலையை மாற்ற 2025 செப்டம்பரில் பாதுகாப்பான காப்புப் பிரதி வசதி முதலில் ஆண்ட்ராய்டில் வரத் தொடங்கியது. அதைத் திறக்கும் 64 எழுத்து மீட்புச் சாவி பயனரின் கருவியிலேயே உருவாகிறது. சிக்னலிடம் அதன் படி இல்லை. தொலைத்தால் உதவி மையத்துக்கு எழுதிப் பயனில்லை என்பதால், வசதியை இயக்கும் முன்பே அந்த 64 எழுத்துகளை எங்கே எழுதி வைப்பது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.