தில்லியின் கதையை எங்கே கேட்பது: புராணா கிலாவிலா, செங்கோட்டையிலா, கோட்லாவிலா?

செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மயூர் விஹாரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை, குதுப் மினாரையும் இந்தியா கேட்டையும் இரண்டே நாளில் பார்த்து முடித்துவிட்டு, "கட்டடமெல்லாம் பாத்தாச்சு, இந்த ஊரு கதைய யாருப்பா சொல்லுவாங்க?" என்று கேட்டார். விருந்தினரை அழைத்துச் சென்று பழகிய தில்லித் தமிழர் எவருக்கும் இந்தக் கேள்வி புதிதாக இராது. அதற்கு விடையாக மூன்று இடங்களை அவருடன் பார்த்தேன்: புராணா கிலாவின் 'இஷ்க்-ஏ-தில்லி' ஒலி-ஒளிக் காட்சி, செங்கோட்டையின் 'ஜெய்ஹிந்த்', பிரோஸ் ஷா கோட்லா கோட்டை இடிபாடுகளில் வியாழக்கிழமை நடக்கும் வழிபாடு. மூன்றாவது நாடகமே அல்ல என்பதை அறிவேன். ஆயினும் முதல் இரண்டையும் எடைபோட அதுதான் எனக்கு உதவியது.

பார்வையாளரைக் கதைக்குள் நடக்க வைக்கும் நிகழ்ச்சிகளை 'இம்மர்சிவ் ஷோ' என்று இன்று விளம்பரம் செய்கிறார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் வளர்ந்த ஒருவருக்கு இது புதுமையே இல்லை. அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தின் உச்சியிலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்திப் பிடிக்கிறார்கள். பதினெட்டாம் போர் நாளில் ஊர்ப் பொட்டலில் படுத்துக் கிடக்கும் துரியோதனன் மண்ணுருவத்தைச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் ஓட, ஊரும் சேர்ந்து ஓடுகிறது. திரௌபதி கூந்தல் முடிந்த பிறகே எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். அங்கே பார்வையாளர் என்று தனியே ஒருவர் இல்லை. அத்தையின் அளவுகோல் அதுதான், என்னுடையதும் அதுவே.

புராணா கிலாவில் நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறோம். பிருத்விராஜ் சௌகான் காலம் தொடங்கி இன்றுவரையிலான தில்லியின் பத்து நகரங்களின் கதையைக் கோட்டையின் இடிபாடுகள் மீதே படங்களாகப் பாய்ச்சிக் காட்டுகிறார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு இதுவே ஏற்றது. எனினும் கல்லை வெறும் திரையாக்கியது எனக்கு உறுத்தியது. அந்தக் கோட்டைக்குள்தான் ஷேர் மண்டல் நிற்கிறது. 1556-இல் பாங்கொலி கேட்டு மண்டியிட முயன்ற ஹுமாயூன் அதன் படிகளில்தான் இடறி விழுந்து, சில நாட்களில் உயிர் துறந்தார். பாண்டவரின் இந்திரப்பிரஸ்தம் இதே மேட்டில் இருந்தது என்பது ஊர் ஐதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்திரபத் என்றொரு கிராமமே கோட்டைக்குள் இருந்தது. இத்தனையும் காலடியில் இருக்க, நம்மை நாற்காலியை விட்டு எழுப்பாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொலைவிலேயே நின்றுவிடுகிறது.

செங்கோட்டையில் ஒலி-ஒளிக் காட்சி 1965-லேயே தொடங்கிவிட்டது. 2023 ஜனவரியில் தொடங்கிய 'ஜெய்ஹிந்த்' அதன் புதிய வடிவம். நடிகர்கள், நடனக் கலைஞர்கள், பொம்மைகள், சுவரில் விழும் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு நௌபத் கானா (முரசு மண்டபம்), திவான்-இ-ஆம் (பொதுச் சபை மண்டபம்), திவான்-இ-காஸ் (தனிச் சபை மண்டபம்) ஆகிய இடங்களில் மராத்தியர் எழுச்சி, 1857 கிளர்ச்சி, இந்திய தேசிய ராணுவம், விடுதலை என்று கதை நகர்கிறது. நடப்பதுதான் இதன் பலம். தோல் செருப்பின் அடியில் கல் குளிர்வதையும், ஒரு வாயிலைக் கடந்ததும் முரசொலி முதுகுப் பக்கம் போய்விடுவதையும் உடம்பு உணர்கிறது. திவான்-இ-காஸின் பளிங்குத் தூண்களுக்கு முன் நின்றபோது, 1858-இல் கடைசி முகலாய மன்னரான கிழவர் பகதூர் ஷா ஜாஃபரை அவருடைய சொந்த மண்டபமான இங்கேயே கைதியாக உட்கார வைத்து ஆங்கிலேயர் விசாரித்தார்கள் என்று அத்தைக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் அந்தத் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 1945-இல் இக்கோட்டையில் அதிகாரிகள் விசாரிக்கப்பட்ட இந்திய தேசிய ராணுவத்தின் அணிகளில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம் என்பதால், அந்தப் பகுதி நமக்குக் கூடுதலாகவே நெருங்கி வருகிறது.

இருந்தும் என் குறை ஒன்று உண்டு. 'ஜெய்ஹிந்த்' சொல்வது வரலாறு. அதுவும் முடிவு தெரிந்த, வெற்றியை நோக்கிப் போகும் வரலாறு. தில்லி மக்கள் வாய்வழியாகக் காத்த கதைகள் வேறு வகை. "தில்லி இன்னும் தொலைவில் இருக்கிறது" என்று சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா சொன்னதாகவும், சுல்தான் கியாசுதீன் துக்ளக் ஊருக்குள் நுழையாமலே பந்தல் சரிந்து 1325-இல் இறந்ததாகவும் சொல்லும் கதைக்குத் துக்ளகாபாத்தின் பாழ்மதில்களை விடப் பொருத்தமான மேடை கிடைக்குமா? நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காஜி 1963-இல் 'அந்தா யுக்' என்ற இந்தி நாடகத்தைக் கோட்லா இடிபாடுகளுக்குள்ளேயே நிகழ்த்திக் காட்டினார். அந்தத் துணிவு இன்றைய தொழில்நுட்பத்தோடு சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். புராணா கிலா, செங்கோட்டைக் காட்சிகள் இரண்டும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் நடைபெறுகின்றன; பக்கத்தில் ஒருவர் மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டியிருக்கிறது.

கோட்லாவில் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே எழவில்லை. பிரோஸ் ஷா துக்ளக், தோப்ராவிலிருந்த அசோகர் தூணைப் பஞ்சும் பட்டும் சுற்றி, நாற்பத்திரண்டு சக்கர வண்டியிலும் பின்னர் யமுனையில் படகுகளிலும் கொண்டுவந்து நிறுத்திய இடம் இது. வியாழக்கிழமைகளில், இங்கு குடியிருப்பதாக நம்பப்படும் ஜின்களிடம் (கண்ணுக்குத் தெரியாத ஆவிகளிடம்) முறையிட மக்கள் வருகிறார்கள். இருண்ட அறைகளின் மாடங்களில் அகல் விளக்குகளும் ரோஜா இதழ்களும் இருக்க, நடுவே மடித்த தாள்களைப் பார்த்தோம்: பெயர், வீட்டு முகவரி, குறை, மூலையில் பாஸ்போர்ட் அளவுப் படம், அதே மனுவுக்கு இன்னொரு மாடத்தில் ஜெராக்ஸ் பிரதி. அரசு அலுவலகத்துக்கு எழுதும் மனுவின் அதே ஒழுங்கு. அத்தை ஒரு மாடத்தின் முன் நின்று கைகூப்பினார். "நம்ம விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுறாங்களே, அதேதாம்பா இது" என்றார். முந்தைய இரண்டு இடங்களிலும் வராத நெருக்கம் அங்கே அவருக்கு வந்தது.

மழைக்காலம் முடிந்தபின் மெஹ்ரோலியில் நடக்கும் பூ விசிறி ஊர்வலமும் இவ்வகையே. யோகமாயா கோயிலுக்கும் பக்தியார் காக்கி தர்காவுக்கும் மலர் விசிறிகள் போகும். 1942-இல் ஆங்கிலேயர் நிறுத்தி, 1962-இல் மீண்ட விழா அது. ஆனால் அந்த நாட்களோடு நம் விருந்தினர் வருகை பொருந்துவது அரிது.

நடக்க முடியாத பெரியவர்களோடு செல்பவர்களுக்குப் புராணா கிலா. பள்ளிப் பிள்ளைகளோடு செல்பவர்களுக்குச் சந்தேகமின்றிச் செங்கோட்டை. கோட்லா, செங்கோட்டை இரண்டும் இயலுமானால் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். பிற்பகலில் தில்லி கேட் மெட்ரோவில் இறங்கிக் கோட்லாவுக்குப் போய், மனுக்களைப் படம் எடுக்காமல், எழுதியவர்களின் பெயர்களை வாசித்துச் சொல்லாமல், அமைதியாக ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, இருட்டத் தொடங்கும்போது மீண்டும் வண்டியேறினால் இரண்டாவது நிலையத்தில் செங்கோட்டை வந்துவிடும்.