வவுனியாவில் தங்கச்சிக்கு எடுத்த ஸ்கான்

ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்குத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனது ஓர் எண்ணைச் சரிபார்க்கத்தான். 34ஆம் வாரத்தில் வேறோரிடத்தில் எடுத்த ஸ்கானில் பிள்ளையின் நிறை 1.9 கிலோ, வளர்ச்சி காணாது என்றார்கள். அம்மா அன்றிரவே நேர்த்தி வைத்துவிட்டார். மிட்வைஃப் அக்கா மட்டும், "நான் நாடாவால அளந்தா வாரத்துக்குச் சரியாத்தான் இருக்கு. கைபழகின ஆளிட்ட ஒருக்காக் காட்டுங்கோ" என்றார்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. முதலில் போன இடத்து மெஷின் இதைவிடப் புதுசு, திரையும் பெரிது. ஆனால் இங்கே டொக்டர், நிறையைக் கணிக்க எடுக்கிற அளவுகளில் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவுக்கே அதிக நேரம் எடுத்தார். பிள்ளை அசைந்தால் பொறுத்திருந்து திரும்பத் தொடங்கினார். இரைப்பை கறுப்பாகத் தெரிய வேண்டும், கொடியின் இரத்தக்குழாய் ஈரலுக்குள் வளைகிற இடம் தெரிய வேண்டும், சிறுநீரகம் தெரியக்கூடாது. தெரிந்தால் படம் கீழே இறங்கிவிட்டது என்றார். அப்படி மூன்று தரம் அளந்து சராசரி எடுத்தார்.

தலையும் தொடை எலும்பும் இரண்டு அறிக்கையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வயிறுதான் அங்கே 268 மில்லிமீற்றர், இங்கே 295. பழைய படத்தை வாங்கிப் பார்த்தவர், அளவு வட்டம் தோலின் வெளிவிளிம்பில் விழாமல் உள்ளே விழுந்திருப்பதை விரலால் காட்டினார். சுற்றிவர 4 மில்லிமீற்றர் உள்ளே போனாலே சுற்றளவில் 25 போய்விடுமாம். இந்த முறை நிறை 2.2 கிலோ. அதிலும் 10, 15 வீதம் கூடிக் குறையலாம், இரண்டு மூன்று கிழமை விட்டு அளந்தால்தான் வளர்ச்சி பிடிபடும் என்று அவரே சொன்னார். முதல் இடத்தில் இதை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. எனக்கு அதுதான் கோபம்.

குறை இல்லாமல் இல்லை. நம்பர் எடுத்தும் மத்தியானம் வரை இருத்தினார்கள். கதிரை காணாது, பிள்ளைத்தாச்சிகள் படியில் இருக்கிறார்கள். கழிவறை கீழே, கடைக்குப் பின்னால். படி ஏறி இறங்குவது நிறைமாதக்காரிக்குப் பெரிய பாடு, இதையாவது அவர்கள் பார்க்க வேண்டும்.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கிளினிக் அட்டையையும் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கானையும் மறக்காமல் கொண்டு போங்கள். வாரக்கணக்கை அதை வைத்துத்தான் பார்க்கிறார், கடைசி மாத ஸ்கானை வைத்துப் பிள்ளை பிறக்கும் நாளை மாற்ற மாட்டார்.