லைட் கர்ட்டன்: பிரஸ்ஸை நிறுத்தவா, ஓட்டவா?

கும்பகோணத்தில் எவர்சில்வர் ஷீட்டில் தட்டுக்கு வட்டம் வெட்டும் பட்டறை. முதலாளி கேட்டார்: "அண்ணே, துவாக்குடியில ஒரு எடத்துல பார்த்தேன். பெடலே கிடையாது. பையன் கையை வெளிய எடுத்ததும் பிரஸ் தானா இறங்குது. நம்மளுக்கும் அந்த லைட் கர்ட்டனை மாட்டிடுங்களேன்."

லைட் கர்ட்டன் என்றால் பிரஸ் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களால் ஆன திரை. கை அதை மறைத்தால் பிரஸ்ஸுக்கு நிறுத்தச் சொல்லி உத்தரவு போகும். அவருடைய பிரஸ்ஸைப் பார்த்ததுமே பாதி பதில் கிடைத்துவிட்டது. பழைய கீ கிளட்ச். உள்ளே இருக்கும் சாவி ஒருமுறை சுழலும் ஃப்ளைவீலைக் கவ்வினால், மேலிருந்து இறங்கி வெட்டும் ரேம் முழுச் சுற்றையும் முடித்துத்தான் விடும். நடுவில் கை வந்ததை லைட் கர்ட்டன் பார்த்தாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காவலுக்கே ஆகாத இடத்தில் ஓட்டுவதைப் பற்றி என்ன பேச்சு? ஏர் கிளட்ச், ஹைட்ராலிக் என்று பாதி ஸ்ட்ரோக்கில் நிற்கக்கூடிய பிரஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த அலசல்.

அவர்களுக்கு வழி மூன்று. இரட்டைக் கை பட்டனை முதலில் முடித்துவிடலாம். இரண்டு பட்டனையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் ரேம் இறங்கும். இரண்டையும் விட்டால்தான் அடுத்த ஸ்ட்ரோக். விலை குறைவு. ஆனால் அழுத்துகிறவர் கையை மட்டுமே காக்கும். பக்கத்தில் நின்று ஷீட் பிடிக்கும் உதவியாளுக்கு எதுவும் இல்லை. மலிவான வயரிங் என்றால் இன்னொரு கூத்தும் உண்டு: ஒரு பட்டறையில் இடது பட்டனைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். பீஸ் ரேட்டில் ஓடுகிற ஆளிடம் அதற்காகக் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை, பேனல் போட்டவரிடம்தான் வந்தது.

அடுத்தது, லைட் கர்ட்டன் காவலுக்கு, ஃபுட் சுவிட்ச் ஓட்டுவதற்கு. யார் கை உள்ளே போனாலும் ரேம் நிற்கும், உதவியாள் கை உட்பட. இங்கே கவனிக்க வேண்டியது தூரம். கை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் என்று வைத்துத்தான் இயந்திரப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 13855 கணக்குப் போடுகிறது. சென்சார், ரிலே, பிரேக் எல்லாம் சேர்ந்து ரேம் நிற்க 0.15 விநாடி ஆகிறதென்றால், 14 மில்லிமீட்டர் தடிமன் வரை, அதாவது விரலைக்கூடக் கண்டுபிடிக்கும் கர்ட்டனை, தகட்டை வெட்டும் டையிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். காசு மிச்சம் என்று 30 மில்லிமீட்டர் தடிமனை மட்டும் கண்டுபிடிக்கும் கர்ட்டன் வாங்கினால் அதே பிரஸ்ஸுக்கு 428 மில்லிமீட்டர். பிரேக் லைனிங் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும், பழைய தூரம் போதாமல் போகும். மாட்டிய அன்று அளந்ததோடு விட்டவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது, முதலாளி பார்த்து மயங்கியது: அதே கர்ட்டன் காவலும் பார்க்கும், ஸ்ட்ரோக்கும் தொடங்கும். கை வெளியே வந்ததுதான் 'ஓடு' என்கிற உத்தரவு. மயக்கத்துக்கு நியாயம் உண்டு. மணிக்கு 600 ஸ்ட்ரோக், ஒவ்வொன்றிலும் அரை விநாடி மிச்சம் என்றால் 8 மணி நேர ஷிஃப்டில் 40 நிமிடம். காலுக்கும் ஓய்வு.

ஆனால் கையை எடுக்க ஆயிரம் காரணம் உண்டு. வெட்ட வைத்த தகடு, அதாவது பிளாங்க், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, சித்திரை வெயிலில் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை எடுக்கிறார். கர்ட்டனுக்கு அது தெரியாது, பிரஸ் இறங்கிவிடும். டை போகும், சில்லு தெறிக்கும். அதனால்தான் இரண்டு முறை கை போய் வந்த பிறகே ஓடுகிற முறையும் உண்டு: முதல் முறை வெட்டியதை எடுக்க, இரண்டாம் முறை புதியதை வைக்க. பிளாங்க் சரியாக உட்கார்ந்ததைப் பார்க்க டையில் தனி சென்சாரும் வைத்தால்தான் எனக்கு நிம்மதி.

இதைவிடப் பெரிய பயம், கர்ட்டனைத் தாண்டி ஆள் முழுதாக உள்ளே நிற்பது. அப்போது ஒளி மறைவதில்லை, பிரஸ் 'எல்லோரும் வெளியே' என்று நினைத்துக்கொள்ளும். மெக்கானிக்கல் பிரஸ்ஸுக்கான ஐரோப்பிய விதி மேசை உயரம் 750 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, திறப்பு 600ஐயும் மேசை ஆழம் 1000ஐயும் தாண்டக்கூடாது என்று கட்டியிருப்பது, ஆளே நுழைய முடியாதபடி செய்யத்தான். 30 விநாடி சும்மா இருந்தால் கை எடுத்தாலும் ஓடாது, ரீசெட் அழுத்த வேண்டும். கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான். நம் பக்கம் மழைக்காலத்தில் இந்த ஒன்றை மட்டுமாவது சோதித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் மெக்கானிக்கல் பிரஸ்ஸுக்கு, கர்ட்டனே ஸ்ட்ரோக்கைத் தொடங்கும் இந்த முறையை 1988இல் அனுமதித்தார்கள். கூடவே வெளி நிறுவனம் ஒன்று ஒப்புதல் தர வேண்டும் என்றார்கள். அந்த வேலைக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றும் வரவில்லை, அனுமதி ஏட்டோடு நின்றது.

என் பங்குக்கு: ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டும் சின்ன மேசை பிரஸ், ஒரே மாதிரி ஜாப், பக்கமும் பின்புறமும் அடைப்பு என்றால் மூன்றாவது சரி. துவாக்குடியில் அவர் பார்த்தது அப்படிப்பட்டது. தினம் மூன்று டை மாற்றுகிற, இரண்டு பேர் நிற்கிற பட்டறைக்குக் கர்ட்டனும் பெடலுமே போதும்.

கும்பகோணத்துக்காரருக்கு நான் போட்டது கம்பிக்கூண்டு. ஷீட் பட்டை நுழையும் அளவு மட்டும் பிளவு, விரல் போகாது. ஆன செலவு கர்ட்டன் விலையில் சிறு பங்குதான். "இதுல லைட்டே எரியாதாண்ணே?" என்றார்.