கடற்கரை வீட்டில் முதலில் போவது ஆணிதான்

மட்டக்களப்பின் கல்லடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கிற ஒடுக்கமான நிலத்தில் எங்கள் வீடு. 2008இல் குடிபுகுந்தோம். அன்றிலிருந்து கூரை, கிறில், குழாய், தண்ணி மோட்டர் என்று கழற்றியதும் மாற்றியதும் பூசியதும் நிறைய. பலதை நானே செய்கிறேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதி வைத்தால், இந்தக் கரையில் வீடு வைத்திருக்கிற மற்ற ஆக்களுக்கும் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பெரிய சாமான் எதுவும் முதலில் கெட்டதில்லை. சீற் நல்லாயிருக்கும், அதைப் பிடித்த ஆணி போயிருக்கும். கதவு அசையாமல் இருக்கும், பிணைச்சல் துருவேறி உடைந்திருக்கும். மோட்டர் ஓடும், கிணற்றுக்குள் கிடக்கிற வால்வு தண்ணியைப் பிடிக்காது. ஆனால் ஹாட்வெயார் கடைக்குப் போனால் சீற்றின் விலையை நாலு இடத்தில் விசாரிக்கிறோம். ஆணியை மட்டும் "அதோட சேர்த்துப் போடுங்க" என்று கேட்டு வாங்கி வருகிறோம். விலைகளை இங்கே எழுதவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன்னர் வாங்கிய விலையைச் சொன்னால் கதை சொல்கிறேன் என்று நினைப்பீர்கள்.

கூரையிலிருந்து தொடங்குவோம், அங்கேதான் அதிகம் மினக்கெட்டேன். முன்பக்கம் முழுக்க அஸ்பெஸ்டஸ் சீற். குசினிக்குப் பின்னால் பிறகு இறக்கிய பத்திக்கு (சாய்ப்புக்கு) நாகமும் (சிங்க்) அலுமினியமும் கலந்து முலாம் பூசிய மெல்லிய சீற். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது நல்ல வசதியாகப் போயிற்று. அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கு உப்புக்காற்று ஒன்றும் செய்யவில்லை. கறுத்துப் பாசி பிடித்தது, அவ்வளவுதான். ஒரு மாரியில் ஹோலுக்குள் ஒழுகத் தொடங்கியபோது சீற் வெடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்த மேசனார் ஏறிப் பார்த்துவிட்டு, "சீற்றுக்கு ஒண்டும் இல்ல மனே, ஆணிதான் அரிச்சுப் போயிரிக்கு" என்றார். ஆணித் தலையின் கீழே இருந்த வாசர் வெயிலில் காய்ந்து பிளந்து, அந்த வழியால் தண்ணி இறங்கி, ஆணியும் துருப்பிடித்து, துளை பெரிதாகியிருந்தது. முழுக் கூரையும் மாற்ற வேண்டியதில்லை. ஆணிகளை மாற்றி, வெயில் தாங்கும் றப்பர் வாசர் போட்டதோடு ஒழுக்கு நின்றது.

ஆணி போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சீற்றின் மேட்டில்தான் துளை போட வேண்டும், தண்ணி ஓடுகிற பள்ளத்தில் போடக்கூடாது. வாசர் சற்று அமுங்கும்வரை இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் இன்றைக்குத் தண்ணி நிற்கும், வெயில் ஏறி சீற் விரியும்போது துளையைச் சுற்றி வெடிக்கும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் ஆணி நெருக்கமாக இருக்க வேண்டும். காற்று கூரையைக் கிளப்புவது நடுவில் அல்ல, இந்த இடங்களில்தான். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட ஆக்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கூரை வேலை என்றால் சீற்றின் நிறத்தைக் கேட்க மாட்டார்கள், "ஓரத்தில எப்படி இறுக்கியிருக்கு" என்றுதான் கேட்பார்கள்.

அஸ்பெஸ்டஸில் கை வைக்கிற எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. பழைய சீற் பார்க்கத் திடமாக இருக்கும், காலை வைத்தால் உடைந்து ஆளை உள்ளே விடும். பலகை போட்டு, கீழே மரம் ஓடுகிற ஆணி வரிசையின் மேல்தான் நடக்க வேண்டும். அடுத்தது தூசி. அஸ்பெஸ்டஸின் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தி வைத்திருக்கிறது. கூரையில் சும்மா இருக்கிற சீற் அவ்வளவு தொந்தரவு தராது. கிரைண்டரால் வெட்டுவதும், காய்ந்த பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும்தான் ஆபத்து. துளை போட வேண்டியிருந்தால் அந்த இடத்தை நனைத்துவிட்டு, கையால் சுற்றும் துளைகருவியால் மெதுவாகப் போடுங்கள், பொருத்தமான முகமூடி அணியுங்கள். பாசியை விட்டுவிடலாம். அழகுக்காக அதைச் சுரண்டப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பின்பக்கத்து மெல்லிய சீற்றின் கதை வேறு. அந்த முலாமில் 55 சதவீதம் அலுமினியம், மிச்சம் பெரும்பாலும் நாகம். வெறும் நாக முலாம் பூசிய தகரத்தைவிட அதிக காலம் நிற்கிறது, உண்மைதான். ஆனால் அதில் இரண்டு விசயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, துருப்பிடிக்காத ஸ்டெயின்லஸ் ஆணி போட்டால் இன்னும் நல்லது என்று தோன்றும். கடலோரத்தில் அது தலைகீழ். இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணியில் தொட்டுக்கொண்டால் பலவீனமானது கரையும். இங்கே கரைவது சீற்றின் முலாம். அந்தச் சீற்றுக்கென்றே முலாம் பூசி வரும் திருகாணிகள் இருக்கின்றன, கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, கிரைண்டரால் வெட்டும்போது பறக்கிற சூடான இரும்புப் பொறி சீற்றில் ஒட்டி, சில கிழமையில் சிவப்புப் புள்ளியாக எழும்பும். தகரக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். வேலைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, பலர் நம்ப மாட்டார்கள்: மழை நன்றாகப் படுகிற இடம் சுணங்கித்தான் துருப்பிடிக்கும். மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். கூரையின் கீழ்விளிம்பு, பத்தியின் உட்பக்கம், யன்னல் கிறில்லின் மேல்சட்டம் என்று மழை படாத இடங்களில் உப்பு படிந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் துரு தொடங்கியது எல்லாம் அப்படியான இடங்களில்தான். அதனால் வாடைக் காலம் முடிந்ததும் நல்ல தண்ணியைக் குழாயால் பீய்ச்சி அந்த இடங்களைக் கழுவுகிறேன். அலுமினிய யன்னல் சட்டத்துக்கும் இதுதான் மருந்து. காசு செலவில்லாத பராமரிப்பு இது ஒன்றுதான்.

கிறில்லுக்குப் பெயின்ட் அடிப்பதில் எங்கள் ஊர் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பெருநாள், தைப்பொங்கல் வருகிறதென்றால் துருவுக்கு மேலேயே ஒரு பூச்சு. நாலு மாதத்தில் கொப்புளம். பெயின்டின் கீழே உப்பு அகப்பட்டுக்கொண்டால் அது ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், எந்தப் பெரிய கம்பனிப் பெயின்டும் நிற்காது. முதலில் நல்ல தண்ணியால் கழுவ வேண்டும், காய வேண்டும், பிறகு இரும்பு பளபளக்கும்வரை சுரண்ட வேண்டும். சுரண்டிய அன்றே பிரைமர் என்கிற அடிப்பூச்சு. இங்கே பின்னேரம் கடற்காற்று எழும்பும், அதற்கு முன்னர் முடிக்கிற அளவுக்குத்தான் ஒரு நாளைக்குக் கையில் எடுக்க வேண்டும். ஓரங்களிலும் வெல்டிங் முட்டுகளிலும் பெயின்ட் மெல்லியதாகத்தான் நிற்கும், அந்த இடங்களுக்கு மட்டும் சின்னத் தூரிகையால் ஒரு பூச்சு முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ரெட் ஒக்சைட்டைவிட சிங்க் பொஸ்பேற் பிரைமர் எனக்கு அதிக நாள் கொடுத்தது. மாசி முதல் ஆவணிவரை இந்த வேலைக்கு நல்ல காலம். ஐப்பசியில் தொடங்குபவர் பெயின்டை மழைக்குத்தான் கொடுக்கிறார்.

பிணைச்சல், கொண்டி, திருகாணி: வீட்டுக்குள்ளே பித்தளை, வெளியே ஸ்டெயின்லஸ். ஸ்டெயின்லஸிலும் 304, 316 என்று ரகம் இருக்கிறது. கடலோரத்துக்கு மொலிப்டினம் கலந்த 316தான் பொருத்தம். 304இல் மண்ணிறக் கறை வரும், ஆனால் உடையாது. காந்தத்தை ஒட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற கடைக்காரரை நம்ப வேண்டாம், 304க்கும் 316க்கும் வித்தியாசம் காந்தத்தில் தெரியாது. பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். பென்சில் கரியைத் தூளாக்கித் திறப்பில் தடவி இரண்டு தரம் சுற்றினால் போதும்.

சுவரின் கீழ்ப்பகுதி பூத்துப் பெயின்ட் உதிர்வது இந்தக் கரை முழுக்க இருக்கிற தொல்லை, ஆரையம்பதியிலும் கல்முனையிலும் உறவினர் வீடுகளில் இதே கதைதான். நிலத்து ஈரம் சுவரில் ஏறி, காயும்போது உப்பை மேலே விட்டுப் போகிறது. அதன் மேல் பலமான சீமெந்துப் பூச்சோ டைல்ஸோ ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். உப்பைத் தண்ணியால் கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். வெளியே மண் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தால் அதை வெட்டித் தாழ்த்துவதுதான் முதல் வேலை. எங்கள் கிழக்குச் சுவரில் பாதித் தொல்லை அதோடு தீர்ந்தது, மற்றப் பாதி இன்னும் இருக்கிறது. பெயின்ட் அடிக்கலாமா என்று பார்க்க, ஒரு துண்டு பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் இறுக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வேர்த்திருந்தால் பெயின்ட் வாளியைத் திறக்க வேண்டாம். வெள்ளம் வந்த வருடங்களில் சுவர் காய மாதக்கணக்காகும்.

யன்னலுக்கு மேலிருக்கிற கொங்கிரீட் சன்சேட்டின் அடியில் கோடு போட்டு வெடித்தால் அதை மேலால் பூசி மறைக்காதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கொங்கிரீட்டைத் தள்ளுகிறது. கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை உடைத்து, துருவை எடுத்து, பிறகுதான் நிரப்ப வேண்டும். சன்சேட் என்றால் கவனமாக நாமே செய்யலாம். தூணும் பீமும் நம்முடைய வேலையே இல்லை. கடல் மணலைக் கழுவாமல் சீமெந்தோடு கலக்கிற ஆளை வளவுக்குள் விடவேண்டாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

தண்ணிப் பக்கம் சுருக்கமாக. எங்கள் கிணறு ஆழம் குறைந்த மணற்கிணறு. மோட்டர் ஓடியும் தண்ணி ஏறவில்லை என்றால், மோட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் கிணற்றுக்குள் குழாயின் நுனியில் இருக்கிற ஃபுட் வால்வில் மணல் சிக்கியிருக்கும். வெளியே எடுத்துக் கழுவி, குழாயில் தண்ணி நிரப்பி ஓட விட்டால் சரி. எங்களுக்குப் பித்தளை வால்வு பிளாஸ்டிக்கைவிட நீண்ட காலம் உழைத்தது. டாப்புகளில், கால் சுற்றில் திறக்கும் புதுவகைக்குள் இருக்கிற செராமிக் தட்டை மணல் கீறிவிடுகிறது. வடிகட்டி இல்லாத கிணற்றுத் தண்ணிக்குப் பழைய றப்பர் வாசர் டாப்தான் என் தெரிவு. மலிவு, கழற்றி மாற்ற ஐந்து நிமிடம். உயரத்துத் தாங்கி ஒவ்வொரு மீற்றருக்கும் 0.1 பார் அழுத்தம்தான் தரும். படத்தைப் பார்த்து ஆசையாக வாங்குகிற மழை ஷவருக்கு அது போதாது.

மின்சாரத்தில் நான் கை வைப்பதில்லை. வெளியே இருக்கிற பிளக்குகளின் செம்பு முனைகளை உப்பு பச்சையாக அரிக்கும், மூடியுள்ள பெட்டிக்குள் மாற்றச் சொல்லி வயர்மேனிடம் கொடுத்தேன், அதற்குப் பிறகு தொல்லை இல்லை. நான் செய்வது ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மின்சாரம் கசிந்தால் தானே அணைகிற ட்ரிப் சுவிட்ச்சில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது. வீடுகளில் இருப்பது வழமையாக 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழ வேண்டியது. அழுத்தியும் விழவில்லை என்றால் மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டு, அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.