பீடத்தைப் படிக்காமல் சிலையைப் பார்ப்பது: மாணவர்களுக்கான சிற்ப நடை ஒன்றின் மதிப்புரை

நகரத்தின் சதுக்கங்களிலும் பூங்காக்களிலும் நிற்கும் சிலைகளைப் பள்ளி மாணவர்களுக்கு நடந்தே காட்டும் சேவை ஒன்றை எங்கள் ஆறாம் வகுப்புக்காக அமர்த்தியிருந்தோம். இத்தகைய நடைகளில் பீடத்தில் பொறித்த பெயரையும் ஆண்டையும் உரக்கப் படித்துவிட்டு அடுத்த சிலைக்கு நகர்வதே வழக்கம். அதற்கு வகுப்பறையே போதும். இந்த வழிகாட்டியோ, பீடத்தை யாரும் படிக்கக் கூடாது என்ற தடையோடுதான் தொடங்கினார். சிலையைப் பேசாமல் ஒருமுறை சுற்றி வரச் சொல்லி, பின்பு அது நிற்பதைப் போலவே நின்று பார்க்கச் சொன்னார். உடலின் எடையை ஒரே காலில் தாங்கினால் அந்தப் பக்கத்து இடுப்பு உயர்ந்து தோள் தாழ்கிறது என்பதை மாணவர்கள் தம் உடம்பிலேயே கண்டுகொண்டபோது, சிற்பி அதை ஏன் அப்படி வடித்தார் என்று விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

சேவையின் சிறந்த பகுதி உலோகத்தைப் பற்றியது. சிலை முழுவதும் கருத்திருக்க, கை மட்டும் ஏன் மின்னுகிறது என்று ஒரு மாணவன் கேட்டான். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது என்பதையும், காற்றும் ஈரமும் பட்டு அதன்மேல் பழுப்பாகவோ பச்சையாகவோ ஒரு படலம் படிகிறது என்பதையும், பலரும் தொட்டுத் தொட்டு அப்படலம் தேய்ந்த இடமே பளபளக்கிறது என்பதையும் வழிகாட்டி பொறுமையாக எடுத்துரைத்தார். 1886இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலை தொடக்கத்தில் செம்பின் நிறத்திலேயே இருந்தது என்றும், அதன் செப்புத் தகடு 2.4 மில்லிமீட்டர் தடிமன்தான் என்றும் சொன்னபோது நம்ப மறுத்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தனர்.

உயரமான பீடம் ஒன்றின் அடியில் நடந்த உரையாடலும் பயனுள்ளதாக இருந்தது. பிரான்சின் கலே நகர மக்கள் அறுவரை வடித்த பிரெஞ்சுச் சிற்பி ரோதான், அவர்கள் பார்ப்பவரின் தரைமட்டத்திலேயே நிற்க வேண்டுமென விரும்பினார். ஆனால் 1895இல் அச்சிற்பம் பீடத்தின் மேல்தான் வைக்கப்பட்டது. 1924இல்தான் கீழே இறங்கியது. இதைக் கேட்ட மாணவர்கள், எதிரே நின்ற சிலையைக் கீழே இறக்கினால் அதன் மிடுக்கு என்னாகும் என்று தாமாகவே வாதிடத் தொடங்கினர்.

குறைகளும் உண்டு. குதிரைவீரர் சிலைகளில் குதிரை ஒரு முன்னங்காலைத் தூக்கியிருந்தால் வீரர் போரில் காயமுற்றார், இரண்டையும் தூக்கியிருந்தால் போரில் மாண்டார் என்ற பழங்கதையை வழிகாட்டி விதியாகவே சொல்லிக்கொடுத்தார். அப்படியொரு பொது விதி கிடையாது. பின்னங்கால்களில் மட்டும் எழும் குதிரையின் பெரும் எடையை எப்படித் தாங்கச் செய்வது என்பதே உண்மையில் சுவையான சிக்கல். மாட்ரிடில் உள்ள ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் சிலையில், 1640இல் பணியை முடித்த இத்தாலியச் சிற்பி பியெத்ரோ தாக்கா, வாலையும் தாங்குகாலாக்கி அதைத் தீர்த்தார். கட்டுக்கதையைவிட இது மாணவர்களுக்குப் பிடித்திருக்கும்.

கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சித்தாள் அடுத்த குறை. அதைக் கையில் கொடுத்த நொடியிலிருந்து எல்லாத் தலைகளும் குனிந்துவிட்டன. நிமிர்ந்து பார்ப்பதற்கென்றே அழைத்து வந்தவர்களைக் குனிய வைப்பது விந்தையான ஏற்பாடு. சிலைகளின் எண்ணிக்கையும் மிகுதி. கடைசி சிலைகளை எட்டும்போது மாணவர்கள் நிழலைத்தான் தேடினார்கள். ஆனால் சாலைகளைக் கடப்பதிலும் குழுவைப் பிரிப்பதிலும் சேவையினர் கவனமாகவே நடந்துகொண்டனர்.

பத்து வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு இச்சேவையைப் பரிந்துரைப்பேன். முன்பதிவு செய்யும்போதே பாதிச் சிலைகள் போதும் என்றும், பயிற்சித்தாளுக்குப் பதிலாக வெற்றுத்தாளும் பென்சிலும் வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். நாங்கள் பின்னர் விசாரித்தபோது இரண்டுக்கும் அவர்கள் உடனே இசைந்தார்கள்.