கேப் ஹேட்டரஸ் கடற்கரை: நிரந்தரத் தடையா, கூட்டைத் தொடரும் தடையா?

பாதுகாக்கப்பட்ட நிலத்தில் வண்டி ஓட்டலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டால், பேச்சு கடைசியில் இரண்டு வழிகளில் வந்து நிற்கும். சில பகுதிகளை ஆண்டு முழுக்க வண்டிக்கு மூடிவிடுவது ஒன்று. எல்லாவற்றையும் திறந்து வைத்து, பறவை கூடு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் கயிறு கட்டுவது இன்னொன்று. அமெரிக்காவில், வட கரோலினாவின் கேப் ஹேட்டரஸ் தேசியக் கடற்கரையில் இரண்டும் நடைமுறையில் இருப்பதால் ஒப்பிட வசதி. என் வாக்கு முதல் வழிக்கு.

பின்னணி சுருக்கமாக: 2007-இல் வழக்கு, 2008-இல் நீதிமன்ற உடன்பாடு. தூண்டில்காரர்கள், உள்ளூர் வணிகர்கள், பறவை ஆர்வலர்கள் எல்லாரும் உட்கார்ந்த பேச்சுவார்த்தைக் குழு 2009-இல் ஒத்த முடிவின்றிக் கலைந்தது. தேசியப் பூங்காத் துறையே வரைவு எழுதி, கருத்துக் கேட்டு, விதியை 2012 பிப்ரவரி 15 முதல் அமலாக்கியது. 28 மைல் ஆண்டு முழுக்கத் திறப்பு, 26 மைல் முழுத் தடை, மீதி பருவத்துக்கு ஏற்ப. பர்மிட் வேண்டும், வேகம் மணிக்கு 15 மைல் என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் விஷயம் பராமரிப்பு. பைப்பிங் பிளவர் என்ற சின்ன உப்புக்கொத்தி வெறும் மணலில் நான்கு முட்டை இட்டு ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். சிக்கல் பொரித்த பிறகுதான். குஞ்சுகள் சில மணி நேரத்திலேயே கூட்டை விட்டு நடக்கத் தொடங்கிவிடும். பறக்க இன்னும் ஒரு மாதம் போல ஆகும். அதுவரை இரை தேடி ஈர மணலுக்கு நடந்துதான் போக வேண்டும். குஞ்சு நகர்ந்தால் கயிறும் நகர வேண்டும். தினமும் காலையில் ஒருவர் கரையில் நடந்து குஞ்சைக் கண்டுபிடித்து, கம்புகளைப் பிடுங்கி நட்டு, பலகையை மாற்றி, திறந்த பகுதிகளின் வரைபடத்தையும் திருத்த வேண்டும். ஒரு காலை தவறினால் கயிறு வெறும் மணலைக் காவல் காக்கும். குஞ்சு டயர் தடத்தில் இருக்கும். ஆபத்து வந்தால் ஓடாமல் பதுங்கி அசையாமல் கிடப்பது அதன் இயல்பு. மணல் நிறத்தில் கிடக்கும் அதை 15 மைல் வேகத்திலும் ஓட்டுநர் பார்க்க முடியாது. பொரித்து வரும் ஆமைக்குஞ்சும் அதே தடத்தில் விழுந்தால் கடலுக்குப் போகாமல் தடத்தின் நெடுகிலேயே ஊரும்.

2012 விதிப்படி குஞ்சு இருக்கும் இடத்திலிருந்து 1,000 மீட்டருக்குள் வண்டி வரக்கூடாது. அதாவது ஒரு பறவைக் குடும்பத்துக்கு 2 கிலோமீட்டர் கரை. ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் கடல் என்றிருக்கும் ஒடுங்கிய கரையில் நடுவே மூடினால் அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் துண்டிக்கப்படும். ரெட் டிரம் மீனுக்குப் பேர்போன கேப் பாயிண்ட் முனைக்கு இப்படி வழி அடைபட்டதில்தான் கோபம் பெருகியது. 2014 டிசம்பரில் நாடாளுமன்றமே தலையிட்டுத் தடைகளைக் குறைக்கச் சட்டம் போட, 2015-இல் அந்தத் தூரம் 500 மீட்டராகியது. தூரம் குறையக் குறைய கண்காணிப்பில் பிழைக்கு இடமும் குறைகிறது என்பதை, கூட்டைச் சுற்றி மட்டும் கயிறு கட்டும் வழியை ஆதரிப்பவர்கள் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

நிரந்தரத் தடைக்கு இவ்வளவு ஆள் வேண்டாம். வண்டி கரைக்கு இறங்கும் ராம்ப்பின் முகப்பில் பலகை, எல்லையில் கம்பு. புயலுக்குப் பிறகு மறுபடி நட்டால் போதும். வருகிறவருக்கும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. மணல் நகர்கிறது. புயல் அலை ஏறி வழித்துவிட்ட புது மணல்வெளிதான் உப்புக்கொத்திக்குப் பிடித்த இடம். வரைபடத்துக் கோடு அங்கே இருக்காது. ஆகவே நிரந்தரத் தடைக்கு மேல் கூட்டைத் தொடரும் தடையும் கொஞ்சம் தேவைப்படும். தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாக மணலில் இரண்டு மைல் நடக்க முடியாத முதியவருக்கு என் கணக்கு வேறாகத் தெரியலாம். நடக்க இயலாதவரை ஊர்களுக்கு முன்னுள்ள மூடிய கரையில் வண்டியில் கொண்டுவிடச் சிறப்பு அனுமதி உண்டு என்றாலும் அது முழுப் பதில் ஆகாது.

எந்தப் பக்கம் எழுதினாலும், கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அல்ல. ஒரே வாசகத்தில் ஆயிரம் கடிதம் போனாலும் ஒரு கருத்தாகவே எடுத்துக்கொண்டு ஒரே பதில் தருவார்கள். "இயற்கையைக் காப்போம்", "கடற்கரை எல்லோருக்கும்" போன்ற வரிகளுக்குப் பதிலே வராது. ராம்ப் எண், பறவை, மாதம், மாற்று யோசனை நான்கையும் எழுதுங்கள். உதாரணமாக, ராம்ப் 44 முதல் கேப் பாயிண்ட் வரை, குஞ்சுப் பருவத்தில் தினமும் எத்தனை பேர் கண்காணிப்பார்கள், அதற்கு நிதி எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். ஆள் போக முடியாத நாளில் அந்தக் கரை திறந்திருக்குமா மூடியிருக்குமா என்பதை விதியிலேயே எழுதும்படியும் கேளுங்கள்.