தானா ஒட்டிக்கிற ரப்பர்: ஹைட்ரஜன் பாண்டா, அயானிக்கா, விட்ரிமரா?

1839ல சார்லஸ் குட்இயர் கந்தகம் போட்டு ரப்பரை வல்கனைஸ் பண்ணதுல (சூடு பண்ணி கெட்டியாக்குனதுல) இருந்து இதே தலைவலிதான், ரப்பரோட நீள மூலக்கூறு செயின்களுக்கு நடுவுல விழுற முடிச்சு நிரந்தரம், கிழிஞ்சா ஒட்டாது, உருக்கி திரும்ப அச்சுல போடவும் முடியாது. முடிச்சு அவிழ்ந்து திரும்ப சேர்ற மாதிரி பாலிமரை மாத்துனா ரெண்டும் நடக்கும், ஆனா எந்த முடிச்சுன்றதுலதான் விஷயமே இருக்கு.

2008ல பிரான்ஸ்ல லுட்விக் லீப்லர் டீம் கொழுப்பு அமிலத்தையும் யூரியாவையும் அடிப்படையா வச்சு ஹைட்ரஜன் பாண்ட்லயே (மூலக்கூறுகளுக்கு நடுவுல இருக்கிற லேசான பிடிப்பு) நிக்கிற ரப்பர் பண்ணாங்க, கத்தியால வெட்டிட்டு ரெண்டு முகத்தையும் சேர்த்து வச்சா சூடே பண்ணாம ஒட்டிக்கும், திரும்ப பல மடங்கு இழுக்கலாம். உண்மையிலேயே அழகான வேலை. ஆனா வெட்டுன உடனே சேர்க்கணும், ரொம்ப நேரம் தனித்தனியா விட்டுட்டா ஜோடி பிரிஞ்ச குரூப்பெல்லாம் அதே முகத்துலயே பக்கத்துல இருக்கிறதோட சேர்ந்துக்கும், அப்புறம் எதிர் முகத்துல ஒட்ட ஆளே இருக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அயானிக் வழி, அதாவது பாசிட்டிவ், நெகட்டிவ் சார்ஜோட ஈர்ப்பையே முடிச்சா வச்சுக்கிறது. டயர் உள் லைனருக்குப் போடுற புரோமோபியூட்டைல் ரப்பரை எடுத்து பியூட்டைல் இமிடசோலோட ரியாக்ட் பண்ணா, புரோமின் இருந்த இடத்துல செயின் மேலயே பாசிட்டிவ் சார்ஜ் உக்காந்துக்கும், புரோமைடு நெகட்டிவா பக்கத்துலயே நிக்கும், இந்த ஜோடிங்க கொத்துக் கொத்தா சேர்ந்து கிராஸ்லிங்க் (செயின்களைக் கட்டிப் போடுற முடிச்சு) வேலையைப் பாக்கும், கந்தகமே வேணாம். புது மோனோமர் (பாலிமருக்கான மூலப்பொருள்) தேடி அலைய வேணாம், ஏற்கனவே டன் கணக்குல தயாராகிற ரப்பர், மிக்ஸிங்கும் பழைய மெஷின்லயே பண்ணலாம், இதைவிட என்ன வேணும்! குறைன்னு பாத்தா க்ரீப், அதாவது லோடு போட்டு விட்டா மெல்ல மெல்ல நீண்டுட்டே போகும், சூட்டுல இன்னும் மோசம்.

லோடு தாங்கணும்னா விட்ரிமர்தான், 2011ல அதே லீப்லர் டீம் எபாக்ஸில காட்டுனது. இங்க முடிச்சு நிஜ கோவேலன்ட் பாண்ட் (அணுக்கள் எலக்ட்ரானைப் பங்கு போடுற பலமான பிணைப்பு), எஸ்டர்ன்ற வகைப் பிணைப்புகள் கேட்டலிஸ்ட் உதவியோட இடம் மாத்திக்கும், மொத்த எண்ணிக்கை குறையாது, அதனால சூடு பண்ணா வடிவம் மாறுமே தவிர சால்வென்ட்ல கரைஞ்சு போகாது. எபாக்ஸி குரூப் ஏத்தின இயற்கை ரப்பர்லயும் இந்த மாதிரி பண்ணியிருக்காங்க. ஆனா நல்ல சூடு வேணும், சூடில்லாம தானா ஒட்டிக்கும்னு எதிர்பாக்காதீங்க.

அதனால கோட்டிங் மாதிரி சும்மா உக்காந்திருக்கிற வேலைக்கு அயானிக், எப்பவும் இழுவையில இருக்கிற பார்ட்டுக்கு விட்ரிமர். எதை எடுத்தாலும், வெட்டு இத்தனை பர்சன்ட் ஒட்டிக்கிச்சுன்னு சொன்னா எந்த சூட்டுல, எவ்வளவு நேரம், எவ்வளவு அமுக்கி வச்சாங்கன்னு கேளுங்க, கூடவே க்ரீப் டேட்டாவையும் வாங்கிப் பாருங்க.